அடுத்தவர் நாற்காலியில் ஒருவர்

"நீங்க போய் டீ குடிச்சிட்டு வாங்கம்மா. அவசரமே இல்ல. இது தொறக்கறதுக்குள்ள ரெண்டு டீ குடிக்கலாம்" என்று சொல்லிவிட்டு, அழைப்புப் பிரிவுப் பெண்ணின் நாற்காலியில் உட்கார்ந்து, அவளுடைய ஹெட்போனை எடுத்துத் தன் தலையில் மாட்டிக்கொள்கிறார். திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டிருக்கிறது. இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு அதைப் பார்க்கிறார். அந்தப் பெண் டீ குடிக்கப் போகவில்லை. தன் வீட்டு அடுப்படியில் விருந்தாளி புகுந்துவிட்ட சங்கடத்தோடு பின்னால் நின்று கையைப் பிசைகிறாள்.

"இப்ப நான் என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்யக்கூடாது சார். தொட்டா இன்னும் லேட்டாகும்."

"அப்ப நீங்க என்ன செய்வீங்க?"

"சும்மா இருப்பேன் சார்."

"நல்ல வேலை" என்கிறார். அவர் குரலில் கிண்டல் இல்லை. சும்மா இருக்கிறார். வட்டம் சுற்றுகிறது.

எங்கள் கம்பெனியின் கணினிப் பிரிவுத் தலைவர் அவர். ஐம்பதைத் தாண்டியவர். முழுக்கைச் சட்டை, முழங்கைக்குக் கீழே மடித்துவிட்ட கை, பையில் பேனாவுக்குப் பதிலாக ஒரு பெயின்ட் பிரஷ். மாதத்தில் பாதி நாள் தன் இருக்கையில் இருக்க மாட்டார். கணக்குப் பிரிவு, கிடங்கு, வரவேற்பு என்று எங்காவது யாருடைய நாற்காலியிலாவது உட்கார்ந்து, அவர்கள் வேலையை அவர்கள் மிஷினில் ஒரு காலை முழுக்கச் செய்துகொண்டிருப்பார். ஆபீஸில் அவருக்கு 'நாற்காலி சார்' என்று பெயர். அவருக்கும் அது தெரியும். போனில் ஒருமுறை, "நாற்காலிதான் பேசறேன், சொல்லுங்க" என்றதை நானே கேட்டிருக்கிறேன்.

லிஃப்ட் பராமரிக்கிற கம்பெனி எங்களுடையது. ஊரில் எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுபோனாலும் எங்கள் நாலாவது மாடியில் போன் அடிக்கும். அழைப்புப் பிரிவுப் பெண்கள் கட்டடத்தின் பெயரைத் தட்டி, முகவரி பார்த்து, பக்கத்தில் இருக்கும் மெக்கானிக்கை அனுப்ப வேண்டும். எங்கள் கட்டடத்து லிஃப்டை வேறு கம்பெனி பராமரிக்கிறது. அது நன்றாக ஓடுகிறது.

அன்றைக்கு அந்த நாற்காலியில் இருந்தபோதே ஒரு அழைப்பு வந்தது. எடுத்தார். லிஃப்டுக்குள் ஒரு ஆள். கட்டடத்தின் பெயரைத் தட்டினார். வட்டம் வந்து நின்றது. "ஒரு நிமிஷம் சார், சிஸ்டம் கொஞ்சம் மெதுவா இருக்கு" என்று, அந்தப் பெண்கள் சொல்லும் அதே வாக்கியத்தைச் சொன்னார். உள்ளே இருந்தவர், "பரவால்ல, நானும் எங்கயும் போகல" என்றாராம். இதை அவர் எங்களிடம் சொல்லும்போது சிரிக்கவில்லை. நாங்கள்தான் சிரித்தோம்.

இப்படி உட்காருவதற்கு அவர் ஒரு காரணம் வைத்திருக்கிறார். "போய் 'எப்படி இருக்கு'ன்னு கேட்டா 'நல்லாருக்கு சார்'னுதான் சொல்வாங்க. டாக்டர்கிட்டகூட அப்படித்தான் சொல்வாங்க. கேக்கறதுல பிரயோஜனம் இல்ல. உக்காந்தா தெரியும்." காத்திருக்கும் நேரத்தை வீணாக்குவதில்லை. பையிலிருந்து பிரஷை எடுத்து, அந்த இருக்கைக்காரரின் கீபோர்டைச் சுத்தம் செய்வார். சில்லறைச் செலவைக் கவனிக்கும் பெண்மணியின் இருக்கையில் உதிர்ந்த தூளைக் காகிதத்தில் கொட்டி அவரிடமே நீட்டி, "மேடம், இது கீபோர்டா, பேக்கரியா?" என்று கேட்டார். அந்த மேடம் இரண்டு நாள் இவருடன் பேசவில்லை. ஆனால் எட்டு என்ற எண் அதற்குப் பிறகுதான் வேலை செய்தது.

என் நாற்காலியிலும் ஒருநாள் உட்கார்ந்தார். நான் இயக்குநரின் அறையில் கடிதங்களும் கூட்டக் குறிப்புகளும் எழுதுகிறவன். என் திரையைச் சற்றுநேரம் பார்த்துவிட்டு, "எழுத்தையெல்லாம் ஏன் இவ்ளோ பெருசா வச்சிருக்கீங்க? கண் டாக்டரப் பாத்தீங்களா?" என்றார். பார்த்தேன். கண்ணாடி போட்டேன். எனக்கு நெடுநாளாக இருந்த தலைவலி போய்விட்டது. என் மிஷினில் அவர் ஒரு திருகாணியைக்கூடத் தொடவில்லை.

செலவு செய்வதில் மகா கெட்டி. ஒரு மவுஸ் கேட்டால் மூன்று நாள் கேள்வி கேட்பார். பழைய மிஷின்களைக் கழற்றி உறுப்புகளை ஒரு அலமாரியில் அடுக்கி வைத்திருக்கிறார். சாவி இடுப்பில். வரைபடம் போடும் மென்பொருளுக்கு ஆபீஸ் முழுக்கப் பணம் கட்டிக்கொண்டிருந்தோம். படம் போடுகிறவர்கள் ஆறு பேர். "மத்தவங்க எல்லாம் என்ன, ஆசைக்கு வச்சிருக்காங்களா?" என்று மற்ற எல்லாவற்றையும் வெட்டினார். வெட்டப்பட்டதை ஒருவர்கூடக் கவனிக்கவில்லை.

இயக்குநர் புது லேப்டாப் கேட்டதுதான் பெரிய கதை. பழையது மெதுவாம். அவர் வெளியூர் போயிருந்த நாளில் இவர் உள்ளே வந்து இயக்குநரின் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. "சார், வேண்டாம், யாராவது பாத்தா..." என்று கெஞ்சினேன். "பாக்கட்டும், நாற்காலிதானே" என்றார். அந்த லேப்டாப்பை வாங்கியதிலிருந்து அணைத்ததே இல்லை என்று கண்டுபிடித்தார். மறுநாள் இயக்குநரிடம் நேராகச் சொன்னார். "சார், இதுக்கு வயசாகல. நீங்க தூங்க விடல." அணைத்துப் போட்டதும் அது ஓட ஆரம்பித்தது. இயக்குநருக்குப் புது லேப்டாப் கிடைக்கவில்லை. கிடைக்காததை அவர் மறக்கவும் இல்லை.

ஒருமுறை கையெழுத்து ஒன்று வாங்க நாற்காலி சார் வீட்டுக்குப் போனேன். அங்கேயும் இதே கதைதான். மனைவி ஒரு தட்டில் பிஸ்கட்டை வைத்துவிட்டுக் குறைப்பட்டுக்கொண்டார். "போன வாரம் சமையலறைக்கு வந்து, 'நீ கொஞ்சம் தள்ளு, நான் உன் எடத்துல நின்னு பாக்கறேன்'னாரு தம்பி. பாத்துட்டு என்ன பண்ணாரு? ஆணிய எடம் மாத்தி அடிச்சு, கரண்டியெல்லாம் கைக்கு எட்டற மாதிரி மாட்டினாரு. நல்லாத்தான் இருக்கு, இல்லேங்கல. ஆனா சமைக்கறது இப்பவும் நான்தான்." முன்னறையில் அவருடைய மாமியார் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். ரிமோட்டில் இருக்கிற பொத்தான்கள் அந்த அம்மாளைக் குழப்புகின்றன என்று, மூன்றை விட்டுவிட்டு மீதி எல்லாவற்றையும் டேப் போட்டு ஒட்டியிருக்கிறார் மருமகன். டிவியைப் போட, சத்தத்தைக் கூட்ட, குறைக்க. மாமியார் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "மாப்பிள்ள தங்கமானவரு. ஆனா பொழுதன்னைக்கும் இந்த ஒரே சேனல்தான்."

அழைப்புப் பிரிவில் வட்டம் ஏன் சுற்றுகிறது என்பதை அவர் நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்தே கண்டுபிடித்தார். மிஷின்கள் கிழடாகிவிட்டன, எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்றுதான் விற்பனைக்காரர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இவர் பார்த்தபோது ஒவ்வொரு மிஷினிலும் மூன்று வைரஸ் காவல் நிரல்கள் இருந்தன. முன்பு இருந்த ஒப்பந்தக்காரர் ஒன்றைப் போட்டார். அடுத்து வந்தவர் அதை எடுக்காமல் தன்னுடையதைப் போட்டார். மூன்றாமவரும் அப்படியே. மூன்றுக்கும் வருடா வருடம் பணம் போகிறது. ஒரு முகவரியைத் திறந்தால் முதல் காவலாளி சோதிப்பார். முதல் காவலாளியை இரண்டாமவர் சோதிப்பார். மூன்றாமவர் இருவரையும் சந்தேகப்படுவார். லிஃப்டில் நிற்கிறவர் நிற்க வேண்டியதுதான்.

கணக்குப் பிரிவில் நாலைந்து மிஷினில் மட்டும் இரண்டு காவலாளிகளை வெளியேற்றிப் பார்த்தார். அவை பறந்தன. எல்லா மிஷினிலும் இதைச் செய்தால் ஆபீஸுக்கே வேகம், செலவும் மிச்சம் என்று எழுதிக் கேட்டார். நிதிப் பிரிவு மேடம் அதைத் திருப்பி அனுப்பினார். மேலே ஒரே வரி: 'ஊழியர் மகிழ்ச்சி மதிப்பெண் 4.9 இருக்கும்போது எதற்குக் கை வைக்க வேண்டும்?'

அந்த 4.9 எங்கள் ஆபீஸின் பெருமை. தினமும் மாலை மிஷினை அணைக்கப் போனால் ஒரு சின்னப் பெட்டி வந்து, 'இன்று உங்கள் கணினி அனுபவம் எப்படி?' என்று கேட்கும். ஐந்து நட்சத்திரங்கள் இருக்கும். ஏதாவது ஒன்றை அழுத்தினால்தான் மிஷின் அணையும். போன வருடம் எல்லாக் கிளைகளையும் முந்தி நாங்கள் முதலிடம். நாற்காலி சாருக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். அவருடைய சம்பள உயர்வுக்கும் அந்த மதிப்பெண்தான் கணக்கு.

அந்தப் பெருமையால் வந்ததுதான் வினை. இவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறவர்களுக்கு உதவிக்கு எதற்கு ஒரு ஆள் என்று மேலே யோசித்துவிட்டார்கள். அந்த ஒரு ஆள் எங்கள் ஹலோ அக்கா. மிஷின் தகராறு செய்தால் எல்லோரும் கூப்பிடுவது அவரைத்தான். அவர் சொல்லும் 'ஹலோ'வில் பாதிப் பதற்றம் அடங்கிவிடும் என்று பெயர். எனக்கு அடங்கியதில்லை, என்னை எப்போதும் திட்டுவார். "வயர பிடுங்கிட்டு சொருகுன்னு நேத்துதான சொன்னேன்? காதுல வாங்கறதே இல்ல!" ஆனால் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளிடம் அப்படி இல்லை. "அழாதம்மா. அது உம்மேல கோவத்துல நிக்கல. நீ சாப்பிட்டியா? சரி, இப்ப நான் சொல்றத மட்டும் செய்யி." அவருக்குப் பதிலாக, எழுதிக் கேட்டால் எழுதிப் பதில் சொல்கிற ஒரு நிரலை வைக்கலாம் என்று முடிவாயிற்று. அவர் சம்பளத்தில் கால்வாசிதான் அதற்கு ஆகும்.

செய்தி காதும் காதும் வைத்தாற்போல இருக்க வேண்டியது. மதிய இடைவேளைக்குள் கேன்டீனுக்கு வந்துவிட்டது. அக்கா அன்றைக்குச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவே இல்லை. எதிரில் உட்கார்ந்திருந்த நாற்காலி சாரைப் பார்த்து, "இனிமே இந்த வயசுல எனக்கு யாரு சார் வேலை குடுப்பாங்க?" என்றார். இவர் தன் தட்டையும் அப்படியே தள்ளிவைத்துவிட்டு எழுந்துபோனார்.  

அன்று மாலை அழைப்புப் பிரிவில் இருந்தார். ஒரு மதியம் முழுக்க வட்டத்தைப் பார்த்தபடி கழித்துவிட்டு, மிஷினை அணைக்கப் போனார். பெட்டி வந்தது. அவருடைய கை தானாகப் போய் ஐந்தாவது நட்சத்திரத்தை அழுத்தியது. மிஷின் அணைந்தது. அணைந்த திரையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம். பிறகு பக்கத்தில் கைப்பையை மாட்டிக்கொண்டிருந்த பெண்ணிடம் கேட்டார்.

"நீங்க எந்த நட்சத்திரத்த அழுத்துவீங்க?"

"அஞ்சு சார்."

"ஏன்?"

"அதுதான் சார் கர்சருக்குப் பக்கத்துல இருக்கு. மத்ததுக்கு அந்தக் கோடிக்குப் போகணும். பஸ்ஸு போயிடும்."

எல்லோருக்கும் பஸ் போய்விடும். நானும் ஐந்துதான். 4.9 என்பது எங்கள் மகிழ்ச்சி இல்லை, வீட்டுக்குப் போகிற அவசரம். சிலர் கை தவறி நாலை அழுத்தியதால்தான் அந்த மீதி 0.1 குறைந்திருக்க வேண்டும்.

மறுநாளே அந்தப் பெட்டியை மாற்றிவிட்டார். யாரையும் கேட்கவில்லை. பதில் சொல்லாமலும் அணைக்கலாம், நட்சத்திரங்கள் எல்லாம் ஒரே தூரத்தில், அவ்வளவுதான். மாத முடிவில் மதிப்பெண் 2.1 என்று வந்தது. கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள்.

நீள மேசை. ஒரு பக்கம் இயக்குநரும் நிதி மேடமும். மறுபக்கம் இவர். ஓரத்தில் குறிப்பு எழுத நான்.

"எப்படி சார் ஒரே மாசத்துல இப்படி விழுந்துச்சு?" என்றார் இயக்குநர்.

"விழல சார். ஆரம்பத்துலேருந்தே இங்கதான் இருந்திருக்கு."

"அப்ப நீங்க வாங்கின கேடயம்?" இது நிதி மேடம்.

"திருப்பிக் குடுத்துடறேன் மேடம். எனக்கும் அலமாரில எடம் வேணும்."

மூன்று காவலாளிகளின் கதையை மறுபடி சொன்னார். இரண்டை எடுத்தால் மிச்சமாகும் பணம் ஹலோ அக்காவின் சம்பளத்துக்கு மேலேயே வரும் என்றார். காகிதத்தை நீட்டினார். நிதி மேடம் வாங்கி இரண்டு தடவை படித்தார். கணக்கில் தப்பு இல்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. இயக்குநர் அதைத் தொடவில்லை. அவர் தூங்க விடாத அந்தப் பழைய லேப்டாப் முன்னால் இருந்தது.

"உங்க கணக்கு இருக்கட்டும். அந்தம்மாவுக்கு அவ்வளவு வேலை இருக்கா? போன வருஷம் முழுக்க மேல ஒரு புகார்கூட வரலையே. அவங்களையே கூப்பிட்டுக் கேட்டுடலாம்."

நாற்காலி சார் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "கேக்க வேணாம் சார். நீங்க அங்க வந்து ஒரு மணி நேரம் உக்காருங்க. போதும்."

"எனக்கு அதுக்கெல்லாம் நேரம் இல்ல" என்றார் இயக்குநர். என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். நான் போய் அழைத்துவந்தேன்.

அக்கா முடியை ஒதுக்கிக்கொண்டு, உதவி மேசையின் கம்பியில்லா போனைக் கையிலேயே எடுத்துக்கொண்டு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"எப்படிம்மா போகுது? நிறைய கம்ப்ளெய்ன்ட் வருதா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார். எல்லாம் நல்லாப் போயிட்டிருக்கு."

"மிஷினெல்லாம் மெதுவா இருக்குன்னு சொல்றாங்களே?"

"சேச்சே, யாரு சொன்னா? சார் எல்லாத்தையும் நல்லாப் பாத்துக்கறாரு சார். எல்லாரும் ரொம்ப சந்தோஷமா இருக்காங்க."

நாற்காலி சார் அக்காவின் பக்கம் திரும்பினார். "அக்கா, இன்னைக்குக் காலைலேருந்து எத்தன போன் வந்திருக்கும்? உள்ளத சொல்லுங்க."

"ஏதோ ஒண்ணு ரெண்டு சார்" என்றார் அக்கா. சொல்லிவிட்டு அவரைப் பார்த்தார். அவரைக் காப்பாற்றிவிட்ட நிம்மதி அந்தப் பார்வையில் இருந்தது. புகார் இருக்கிறது என்று சொன்னால் அவர் தலை உருளும், தன் வேலையும் சரியில்லை என்றாகிவிடும் என்று நினைத்துத்தான் வந்திருக்கிறார். தன் வாயாலேயே தன் வேலைக்கு உலை வைத்துக்கொண்டு, எதிரில் நன்றாக நிமிர்ந்து நிற்கிறார். என் பேனா அதையும் எழுதவேண்டியிருந்தது. எழுதினேன். எரிச்சலாக வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை.

"ரொம்ப சந்தோஷம்மா. நீங்க போகலாம்" என்று இயக்குநர் கோப்பை மூடினார்.

அக்காவின் கையில் போன் அடித்தது. வெட்கப்பட்டு அமுக்கினார். மறுபடி அடித்தது. "மன்னிச்சுக்குங்க சார்" என்று மறுபடி அமுக்கி, கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். முதுகுக்குப் பின்னாலிருந்து மூன்றாவது தடவை அடித்தது.

நாற்காலி சார் எழுந்தார். மேசையைச் சுற்றிக்கொண்டு போனார். "இப்படிக் குடுங்கக்கா" என்று வாங்கி, ஸ்பீக்கரை அழுத்தி, இயக்குநர் மூடிய கோப்பின்மேல் வைத்தார்.

"அக்கா! எங்கக்கா போனீங்க?" அழைப்புப் பிரிவுப் பெண்ணின் குரல். அழுகிற குரல். "மறுபடியும் சுத்துதுக்கா. லிஃப்டுக்குள்ள ஒரு அம்மா, கைக்குழந்தையோட. உள்ள லைட்டும் இல்லையாம். கட்டடத்தோட பேர் மட்டும் சொல்றாங்க, எனக்கு அட்ரஸ் தொறக்க மாட்டேங்குது. பக்கத்து மிஷினும் சுத்துது. குழந்த கத்துறது கேக்குதுக்கா."

அக்கா இயக்குநரைப் பார்த்தார். 

"பேசுங்கக்கா" என்றார் நாற்காலி சார். "அந்தம்மா நின்னுக்கிட்டிருக்காங்க."

அக்கா குனிந்தார். இரண்டு கைகளையும் மேசையில் ஊன்றிக்கொண்டார். குரல் மாறிவிட்டது.

"அழாத. நான் சொல்றதக் கேளு. அந்தம்மாவோட லைன மட்டும் விட்டுடாத. குழந்த பேரு என்னன்னு கேளு, எத்தன மாசம்னு கேளு, பேசிக்கிட்டே இரு. பக்கத்து சீட்டுக்காரிய கணக்குப் பிரிவுக்கு ஓடச் சொல்லு. அங்க ஜன்னல் ஓரமா நாலஞ்சு மிஷின் நல்லா ஓடும், சார் சரி பண்ணி வச்சது. அதுல தன் பேர்ல உள்ள போய் அட்ரஸத் தொறக்கச் சொல்லு. போயிட்டாளா? ஓடுறாளா, நடக்குறாளா?"

"ஓடுறாக்கா."

"சரி. நீ குழந்தையப் பத்திக் கேளு. நான் இங்கதான் இருக்கேன்."

போனில் அந்தப் பெண் இன்னொரு லைனில் பேசுவது மங்கலாகக் கேட்டது. பெயரைக் கேட்கிறாள். அழுகையை அடக்கிக்கொண்டு, நல்ல பேருங்க என்கிறாள். நிதி மேடம் கையிலிருந்த காகிதத்தைக் கீழே வைத்துவிட்டுப் போனின் பக்கம் சாய்ந்திருந்தார்.

"இது எப்பவும் இப்படித்தானா..." என்று இயக்குநர் ஏதோ கேட்க ஆரம்பித்தார்.

நாற்காலி சார் அவர் பக்கம் திரும்பவில்லை. போனையே பார்த்துக்கொண்டு, ஒரு கையை மட்டும் உயர்த்தி, உள்ளங்கையை இயக்குநரின் முகத்துக்கு நேராக விரித்துப் பிடித்தார்.